முள் காட்டியது 60... வண்டி ஓடியது 70! பழைய லாரியும் கிரவுன் பல் கணக்கும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் காரிலோ பைக்கிலோ போனவர்களுக்கு அந்த அனுபவம் இருக்கும். முன்னால் ஒரு பழைய லாரி. ஜல்லியோ, செங்கலோ, வைக்கோல் சுற்றிக் கட்டிய கற்சிலையோ அதில் இருக்கும். நாம் ஹாரன் அடிப்போம். லாரி 50-லிருந்து 55-க்குக் கூட வராது. 'டிரைவர் வேணும்னே உருட்டுறார்' என்று சலித்துக்கொள்வோம்.

பெரும்பாலும் அவர் வேண்டுமென்றே உருட்டுவதில்லை. அந்த லாரியால் அவ்வளவுதான் ஓட முடியும். அதற்குக் காரணம் டிரைவரின் காலில் இல்லை; எஞ்சினிலும் முழுதாக இல்லை. பின் சக்கரங்களுக்கு நடுவே குண்டாக ஓர் இரும்புக் கூடு தெரியும் அல்லவா? அதற்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களும், டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணும் சேர்ந்துதான் அந்த வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கணக்கு தெரியாமல் போனதால் செங்கல்பட்டுப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் அப்பாவும் மகனும் ஆறு மாதம் குழம்பியிருக்கிறார்கள். இருவருக்குமே பெயர் வெளியே வருவதில் விருப்பமில்லை. அவர்களுக்கு நடந்தது மட்டும் இங்கே.

செகண்ட் ஹேண்ட் லாரி

அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. முப்பது வருடங்களுக்கு மேல் ஸ்டீயரிங் பிடித்தவர். மாமல்லபுரம் சிற்பக் கூடங்களிலிருந்து சிலை ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, கோவை என்று கோயில் வேலை நடக்கும் ஊர்களுக்குப் போவது அவருடைய வழக்கமான ஓட்டம். மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்பாவுடனே வண்டியில் ஏறியவர். பழைய லாரி எஃப்.சி.யில் நிற்காது என்று தெரிந்ததும், வெளியூர் ஒருவரிடமிருந்து அதே மாடலில் இன்னொரு லாரியைக் கைமாற்றி வாங்கினார்கள்.

வாங்கியவுடன் மகனுக்கு ஒரே சந்தோஷம். "பழைய வண்டி அறுபதுலயே அலறும்ப்பா. இது அமைதியா ஓடுது" என்றார். அப்பாவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. லோடோடு மேம்பாலம் ஏறும்போது டாப் கியரில் வண்டி சோர்ந்தது. கியரைக் குறைக்க வேண்டி வந்தது. பிரேக் மிதித்தால் அவர் நினைத்த இடத்தில் நிற்காமல் நாலடி தள்ளி நின்றது.

பிரேக் லைனிங் மாற்றினார்கள். காற்றுக் கசிவு பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் வண்டி தள்ளியேதான் நின்றது.

ஒரு நாள் சாயங்காலம் திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால், பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தான். அப்பா பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது. சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பையன் ஒன்றுமே நடக்காததுபோல் போய்விட்டான். அப்பா வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் இறங்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவும் இல்லை.

"எனக்கு வயசாயிடுச்சு போல. இனிமே நீயே ஓட்டு" என்று மகனிடம் சாவியைக் கொடுத்தார். முப்பது வருடங்களாக ஓட்டியவர், தவறு தன் கண்ணிலும் காலிலும் இருப்பதாக நம்பிவிட்டார்.

ஏழு கல்லுக்கு ஆறு கிலோமீட்டர்

குழப்பத்துக்கு முதல் விடை ஜி.எஸ்.டி. சாலையில் கிடைத்தது. மகன் ஓட்டிக்கொண்டிருந்தார். டேஷ்போர்டில் மாட்டியிருந்த போனில் வழிகாட்டும் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூலையில் வேகமும் வரும். வண்டியின் முள் 60-ல் நின்றது. போன் 70 என்றது.

'போன் தப்பாக் காட்டுது' என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அப்புறம் சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணிப் பார்த்தார். ஏழு கல் தாண்டியபோது வண்டியின் ஓடோமீட்டரில் ஆறு கிலோமீட்டர்தான் கூடியிருந்தது. திரும்பி வரும்போதும் எண்ணினார். அதே ஏழு, அதே ஆறு.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எழுதிவைத்திருந்த டீசல் கணக்கு ஏன் இந்த லாரியில் இவ்வளவு மோசமாக வந்தது என்பதும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வண்டி ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

வேகம் எங்கே பிறக்கிறது?

லாரியின் முன்னால் இருக்கும் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வழியாக ஒரு நீளமான தண்டு பின்னால் வருகிறது. அதன் முனையில் சின்னப் பல்சக்கரம்; அதன் பெயர் பினியன். அது சுற்றும்போது பெரிய வட்டமான கிரவுன் என்ற பல்சக்கரத்தைச் சுற்றவைக்கிறது. கிரவுன் சக்கரங்களைச் சுற்றுகிறது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். கிரவுனில் 41 பல், பினியனில் 6 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 41-ஐ 6-ஆல் வகுத்தால் 6.83. அதாவது தண்டு 6.83 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். டாப் கியரில் எஞ்சின் சுற்றும் வேகமும் தண்டின் வேகமும் ஒன்று என்று கொள்வோம்.

எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றுகிறது. அதை 6.83-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 351 சுற்று. ஒரு சுற்றுக்கு டயர் தரையில் சுமார் 3.1 மீட்டர் உருளும் என்றால், மணிக்கு 65 கிலோமீட்டர். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் அதற்கு மேல் சுற்றாது என்றால், வண்டியும் அதற்கு மேல் போகாது.

இப்போது பினியனில் ஒரே ஒரு பல்லைக் கூட்டுவோம். 41-க்கு 7. விகிதம் 5.86 ஆகிவிடும். அதே 2,400 சுற்றில் சக்கரம் சுமார் 410 சுற்று சுற்றும். வேகம் மணிக்கு 76 கிலோமீட்டர்! எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் 11 கிலோமீட்டர் வேகம் கூடிவிட்டது.

இலவசமாகக் கிடைத்ததுபோல் தெரிகிறது. இலவசம் இல்லை. வேகம் ஆறில் ஒரு பங்கு கூடும்போது, அதே கியரில் சக்கரத்துக்கு வந்துசேரும் இழுவை ஏழில் ஒரு பங்கு குறைகிறது. கியர் வைத்த சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சமதரையில் பறக்கவைக்கும் கியர், மேட்டில் முட்டியை உடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. காற்று ஒரு வண்டியைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60-ல் காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தியைவிட, 70-ல் ஒன்றரை மடங்குக்கும் மேல் தேவை. அந்தச் சக்தி பழைய எஞ்சினிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கில் வரும் 76 காகிதத்தில்தான் இருக்கும். லோடோடு அந்த வேகத்தைத் தொட முடியாது.

ஏன் அப்படிச் செய்தார்கள்?

அப்படியானால் தயாரித்தவர்கள் ஏன் முதலிலேயே வேகமான விகிதத்தைக் கொடுக்கவில்லை?

நம் ஊர் லாரிகளின் கதை அங்கே இருக்கிறது. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்டாக மாறிய எண்ணூர் நிறுவனமும், 1954-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டோடு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கிய டாடாவும் தந்த லாரிகள்தான் பல பத்தாண்டுகள் நம் சாலைகளில் ஓடின. அன்றைய சாலைகள் குறுகியவை. சுமையோ எப்போதும் அதிகம். அந்தக் காலத்து லாரிகளின் பின்பலகையில் 'வேகம் 40 கி.மீ.' என்று பெயின்டில் எழுதியிருப்பார்கள். அந்தச் சாலைக்கு வேண்டியிருந்தது இழுவைதான், வேகம் இரண்டாம்பட்சம்.

நான்கு வழிச்சாலைகள் வந்த பிறகு தேவை மாறியது. இன்றைய லாரிகளில் கியர்கள் கூடுதல். எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் வண்டி வேகமாகப் போகும்படி ஓவர்டிரைவ் கியர் வைக்கிறார்கள். கூடவே கடிவாளமும் வந்தது. 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் சரக்கு வாகனங்கள் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடுதான் வர வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவில் கனரக லாரிகளுக்கு அந்த எல்லை 90.

இடையில் மாட்டிக்கொண்டவை பழைய லாரிகள். புதிய சாலையில் புதிய லாரிகளோடு ஓட வேண்டும். டிரிப் எண்ணிக்கையில் போட்டிபோட வேண்டும். அப்போதுதான் சிலர் கிரவுன் பினியனை மாற்றுகிறார்கள். சில மாடல்களில் ஒரே கூட்டுக்குள் வெவ்வேறு பல் எண்ணிக்கை கொண்ட ஜோடி பொருந்திவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

டயரை மாற்றினால்?

"பெரிய டயர் போட்டா ஸ்பீடு வரும்" என்பது லாரி ஷெட்டுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. உண்மைதான், ஆனால் கொஞ்சம்தான்.

லாரி டயரில் 9.00-20 என்று இருந்தால், டயரின் அகலம் 9 அங்குலம், உள்ளே இருக்கும் டிஸ்க்கின் விட்டம் 20 அங்குலம் என்று பொருள். அதற்கு அடுத்த அளவு 10.00-20. இரண்டுக்கும் மொத்த உயரத்தில் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆக, 65-ல் ஓடிய வண்டி 67-ல் ஓடும். அவ்வளவே.

வேடிக்கை என்னவென்றால், டயர் தேய்வதிலேயே கிட்டத்தட்ட இதே அளவு போய்விடும். ஒரு புது டயரின் பட்டன் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் இருந்து முழுக்கத் தேய்ந்தால், டயரின் உயரம் மூன்று சென்டிமீட்டர் குறைகிறது. தேய்ந்த 10.00-20-ம், புது 9.00-20-ம் சாலையில் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

இந்தச் சின்ன லாபத்துக்காக வரும் தொல்லைகள் பெரியவை. பின்னால் ஜோடியாக ஓடும் டயர்கள் அகலம் கூடினால், லோடு ஏறும்போது பக்கவாட்டில் பிதுங்கி ஒன்றோடொன்று உரசும். ஜோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் பெரியதே சுமையின் பெரும்பகுதியைத் தாங்கும். சின்னது தரையில் இழுபட்டுத் தேயும். நைலான் டயரில் அதிக லோடு, அதிக வேகம், சித்திரை வெயில் மூன்றும் சேர்ந்தால் சூடேறி, ரீட்ரெடிங் செய்த ரப்பர் பிய்ந்து பறக்கும். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் பாம்புச் சட்டைபோல் கிடக்கும் கறுப்பு ரப்பர் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அப்படி வந்தவைதான்.

பதினாறு மீட்டர்

திரும்பவும் அந்த அப்பாவின் பிரேக்குக்கு வருவோம்.

ஸ்பீடோமீட்டர் கேபிள், இந்த மாதிரிப் பழைய லாரிகளில் கியர்பாக்ஸின் பின்பக்கத்தில் இருந்து வருகிறது. தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை மட்டுமே அது எண்ணும். பின்னால் கிரவுன் மாறியதோ, டயர் மாறியதோ அதற்குத் தெரியாது. 41-க்கு 6 என்று நினைத்துக்கொண்டு அது 60 காட்டும். வண்டியில் இருப்பது 41-க்கு 7 என்றால் உண்மை வேகம் 70.

பத்து கிலோமீட்டர்தானே என்று தோன்றலாம். ஓடும் வண்டியை நிறுத்தத் தேவையான தூரம், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆறின் வர்க்கம் 36. ஏழின் வர்க்கம் 49. 60-ல் பிரேக் பிடித்து நிற்க 36 மீட்டர் தேவைப்படும் லாரிக்கு, 70-ல் 49 மீட்டர் தேவை. பையனைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்றால், அந்த ஒரு விநாடியிலும் 70-ல் ஓடும் வண்டி ஏறக்குறைய மூன்று மீட்டர் கூடுதலாகப் போயிருக்கும். மொத்தம் 16 மீட்டர். ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம்.

முப்பது வருடப் பழக்கத்தில் அப்பாவின் கால், 60-க்கு எங்கே மிதிக்க வேண்டுமோ அங்கே சரியாக மிதித்தது. அவர் கண்ணிலும் காலிலும் எந்தக் குறையும் இல்லை.

ஜாக்கி போட்டுப் பார்த்த மேஸ்திரி

சந்தேகம் வந்ததும் மகன் வண்டியைப் பழக்கமான மேஸ்திரியிடம் கொண்டுபோனார். கூட்டைப் பிரிக்க வேண்டியதே இல்லை என்றார் அவர். வண்டியை நியூட்ரலில் போட்டு, அசையாமல் முட்டுக் கொடுத்து, பின்பக்கம் ஒரு புறத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். தண்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றச் சொன்னார். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால், இந்த இரண்டு சுற்றுதான் கிரவுனுக்கு ஒரு சுற்று.

மகன் தண்டின் கோட்டைப் பார்த்து எண்ணினார். ஒன்று, இரண்டு... ஆறாவது சுற்று முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

"கம்பெனி கிரவுனா இருந்தா ஏழு கிட்ட வரணும்ணா. இதுல முன்னாடி இருந்தவரு மாத்தியிருக்காரு" என்றார் மேஸ்திரி. ஓரமாக நின்றிருந்த அப்பா அதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை. போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். ஆறு மாதத்தில் அவர் முகம் தெளிந்தது அன்றைக்குத்தான் என்று மகன் சொல்கிறார்.

நாலு நிமிஷ வாக்குவாதம்

காரணம் தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது என்பதில் வீட்டில் சண்டை.

மகன் கிரவுனை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஸ்பீடோமீட்டருக்குப் போகும் சின்னப் பல்சக்கரத்தை மட்டும் மாற்றினால் முள் உண்மை பேசிவிடும். திருச்சிக்குச் சீக்கிரம் போய்விட்டு வரலாம்.

அப்பா பழைய கிரவுனையே போட வேண்டும் என்றார். அவர் ஏற்றுவது கல். ஒரு கன மீட்டர் கருங்கல் இரண்டரை டன்னுக்கு மேல் இருக்கும். 2017-ல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பங்கள், மாதக்கணக்கில் உளி பட்டு உருவாகிறவை. விரலோ மூக்கோ சிதைந்தால் அந்தச் சிலை கோயிலுக்குப் போகாது. "கல்லு ஏத்துற வண்டிக்கு இழுவைதான்டா வேணும். ஏற்காடு ஏறணும்னா இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? ஏறுறதைக்கூட விடு, எறங்கணுமே."

இறங்குவதைப் பற்றி அவர் சொன்னது முக்கியமானது. மலை இறக்கத்தில் நல்ல டிரைவர்கள் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. கியரைக் குறைத்து எஞ்சினால் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். கிரவுன் விகிதம் குறைந்தால், அந்தப் பிடிப்பும் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். மீதியைப் பிரேக் தாங்க வேண்டும். பிரேக் டிரம் சூடேறிவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது.

மகன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். தடையே இல்லாமல் 60-ல் போனால் அரை மணி. 70-ல் போனால் 26 நிமிடம்கூட ஆகாது. மிச்சம் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் நடுவே திருக்கழுக்குன்றம் ஊர், வேகத்தடைகள், ஆட்டு மந்தைகள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த நாலு நிமிடமும் நிஜத்தில் கைக்கு வராது. அதோடு, மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி இந்த மாதிரிச் சாதாரணச் சாலைகளில் சரக்கு வாகனங்களின் உச்ச வேகமே 60-தான். ஊருக்குள் அதைவிடவும் குறைவாகப் பலகை வைத்திருந்தால் அதுதான் கணக்கு.

செங்கல்பட்டிலிருந்து திருச்சிக்குச் சுமார் 270 கிலோமீட்டர். அங்கே 40 நிமிடம்வரை மிச்சமாகலாம். அதிலும் டோல்கேட் வரிசைக்கும் சாப்பாட்டுக்கும் டீக்கும் கழித்தால் எவ்வளவு தேறும் என்று மகனே கேட்டுக்கொண்டார்.

ஒரு லோடு வாடகையை ஒதுக்கிவைத்து, அடுத்த மாதமே பழைய விகிதத்தில் கிரவுனையும் பினியனையும் ஜோடியாக மாற்றினார்கள். இவை இரண்டும் எப்போதும் ஜோடியாகத்தான் மாறவேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று போட்டால் பல் சரியாக உட்காராது. ஊளையிட்டுக்கொண்டே சீக்கிரம் கெடும்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா?

லாரி மட்டுமல்ல, சின்ன லோடு வண்டி, வேன், ஜீப் எதுவானாலும் கைமாற்றி வாங்கும்போது இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் போனில் வரும் வேகத்தையும் வண்டியின் முள்ளையும் ஒப்பிடட்டும். ஓட்டுகிறவர் போனைப் பார்க்க வேண்டாம்.

பத்து கிலோமீட்டர் கற்களைத் தாண்டி, ஓடோமீட்டரில் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். சிறு வித்தியாசம் டயர் தேய்மானமாக இருக்கலாம். ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

டயரில் இருக்கும் அளவும், கம்பெனி சொன்ன அளவும் ஒன்றா என்று பாருங்கள். ஜோடி டயர்கள் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்த லாரி இப்போது மறுபடியும் அறுபதில் அலறுகிறது. மகனுக்கு அந்தச் சத்தம் இன்னும் பிடிக்கவில்லை. அப்பா சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த லோடு ஏற்காட்டுக்கு, ஓட்டப்போவது அவர்தான்.